மூன்று கிலோமீட்டர் ஓட்டமும் ஒரே ஓர் எண்ணும்

பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். ஆனால் பழகிய காதுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். கோலாலம்பூருக்குப் பறக்கும் பயணிகள் விமானம் உறுமிய வேகத்திலேயே எழும்பிவிடும். சுமை நிறைந்த சரக்கு விமானம் அப்படியில்லை. உறுமல் தொடங்கும், நீளும், இன்னும் நீளும். ஓடுபாதையில் பெரும்பகுதி ஓடி முடித்த பிறகுதான் முன்சக்கரம் மெல்லத் தூக்கும்.

பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் வேலியோரமாக நின்று விமானம் பார்க்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "அப்பா, இன்னும் மேல போகலயே, இடிச்சிடுமா?" என்று கேட்கும். "அதெல்லாம் போயிடும்பா" என்பார் அப்பா. சொல்லும்போது அவர் குரலிலும் லேசாக ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. அதற்கு உருப்படியாகப் பதில் சொல்லிப் பார்ப்போம் இந்த வாரம்.

நானூறு மைவி கார்கள்

பினாங்கு விமான நிலையத்தின் ஓடுபாதை 3,352 மீட்டர் நீளம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல். போயிங் 747-400 சரக்கு விமானம் முழுச் சுமையோடு புறப்பட்டால் அதன் எடை ஏறக்குறைய 397 டன். நம் ஊர் மைவி கார் ஒன்று சுமார் ஒரு டன். அப்படியென்றால் நானூறு மைவி கார்களை ஒன்றாகக் கட்டி, மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், பிறகு ஆகாயத்தில் தூக்குவதற்குச் சமம். இதற்கு ஐம்பது வினாடி வரை ஆகும். ஐம்பது வினாடி பெரிதா என்று கேட்காதீர்கள். வானொலியில் ஐந்து வினாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும்.

அந்த 397 டன்னில் சரக்கு மட்டும் நூற்றுப் பத்து டன்னுக்கு மேல் இருக்கலாம். மிச்சம் விமானத்தின் சொந்த எடையும் எரிபொருளும். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் பத்து டன் எரிபொருள் வேண்டும். தூரம் கூடக்கூட, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் தேவைப்படும். பட்டணத்துக்கு மளிகை வாங்கப் போன மாட்டுவண்டியில் பாதி இடத்தை மாட்டுக்கான வைக்கோல் பிடித்துக்கொண்ட கதைதான்.

இறக்கைக்கு மேலும் கீழும் போதுமான வேகத்தில் காற்று ஓடினால்தான் விமானம் எழும்பும். எடை கூடினால் வேகம் கூட வேண்டும். வேகம் கூட வேண்டுமானால் தூரம் கூட வேண்டும். இது நேர்க்கோட்டில் ஏறுகிற கணக்கு இல்லை. எடை 10 விழுக்காடு ஏறினால், அதே விசையில் ஓட வேண்டிய தூரம் சுமார் 20 விழுக்காடு ஏறிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. விமானக் கணக்குகளில் அடிப்படையாக வைத்துக்கொள்வது 15 பாகை செல்சியஸ் வெப்பம். பினாங்கில் பிற்பகல் மூன்று மணிக்கு 32 பாகை என்பது சாதாரணம். அந்த வெப்பத்தில் காற்றின் அடர்த்தி ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. காற்றில் இருக்கும் ஈரப்பசை இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இயந்திரம் உறிஞ்சும் காற்றும் குறைவு. நமக்கு மூச்சுவாங்கும் வெயிலில் விமானத்துக்கும் மூச்சுவாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு, பலருக்குத் தெரியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. பல சமயம் விமானி வேண்டுமென்றே இயந்திரத்தை முழு விசையில் ஓட்டுவதில்லை. ஓடுபாதை போதிய நீளம் இருக்கிறதென்றால், தேவையான அளவு விசையை மட்டும் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்கிறார். இப்படி 25 விழுக்காடு வரை விசையைக் குறைத்துக்கொள்ள விதிமுறை இடம் தருகிறது. இயந்திரத்தின் சூடு குறையும், ஆயுள் கூடும், பராமரிப்புச் செலவு மிச்சமாகும். ஆக, வேலியோரம் நின்று நாம் பார்க்கும் அந்த நீண்ட ஓட்டத்தில் பாதி, சுமையால் வந்தது. மீதி, திட்டமிட்டு எடுத்துக்கொண்டது. பதற்றப்பட எதுவும் இல்லை.

கணக்குச் சரியாக இருக்கும்வரை.

கையை எடுக்கும் நொடி

ஓடுபாதையில் ஒரு வேகம் உண்டு. அதை 'வீ ஒன்' என்பார்கள். அந்த வேகத்தைத் தொடும்வரை ஏதாவது கோளாறு என்றால் விமானி நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு நிறுத்த முயன்றால் ஓடுபாதை போதாது. ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மேலே ஏறியே ஆக வேண்டும். அதுவரை விசைக் கைப்பிடியின் மேல் வைத்திருக்கும் கையைத் தலைமை விமானி அந்த நொடியில் எடுத்துவிடுவார். மனசு மாறி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பழக்கம்.

இந்த வீ ஒன், மூக்கைத் தூக்க வேண்டிய வேகம், எவ்வளவு விசை கொடுப்பது என்பதெல்லாம் விமானியின் அனுபவத்தில் மட்டும் வருவதில்லை. விமானத்தின் மொத்த எடையைக் கணினியில் தட்டினால் அது சொல்கிறது. பெரும்பாலான விமானங்களுக்குத் தம் எடை தாமாகத் தெரியாது. யாரோ ஒருவர் தாளில் எழுதி, இன்னொருவர் தட்டச்சு செய்யும் எண்ணைத்தான் அந்த 397 டன் இரும்பும் அலுமினியமும் நம்புகின்றன.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்தே தொடங்குவோம். 1972இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. அடுத்தடுத்து வந்த மற்றவர்களையும் சேர்த்து 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். உலகத்தின் சில்லுகளை இணைத்து, சோதித்து, பொதியாக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பங்கு பினாங்குக்கு. நம் குடும்பங்களில் அம்மாவோ அத்தையோ சித்தியோ அந்த ஆலைகளில் இரவு வேலை பார்க்காத வீடு குறைவு.

சில்லு என்பது விரல்நுனியில் நிற்கும் பொருள். அதற்கு என்ன எடை என்று தோன்றும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சே முறிந்துவிடும் என்று வள்ளுவர் சொல்லிவைத்தார் அல்லவா, அது சரக்கு விமானத்துக்கென்றே சொன்னதுபோல இருக்கும். பெட்டிகளைப் பலகை ஒன்றில் அடுக்கி, வலை போட்டு இறுக்கினால் அப்படி ஒரு பலகை 6,800 கிலோ வரை தாங்கும். 747 சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் மட்டும் இப்படி முப்பது பலகைகள்.

அனுப்புபவர் ஓர் எடையைச் சொல்கிறார். முகவர் சரிபார்க்கிறார். கிடங்கில் தராசில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பலகையும் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சுமைத் திட்டம் போடுகிறார்கள். எல்லாம் கூட்டி ஒரு தாளாக விமானியிடம் போகிறது. அவர் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு விமானிகளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இத்தனை கைகள் மாறி வந்த எண் அது.

எவ்வளவு எடை என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் காவடி எடுத்துப் போகிறவர்களைக் கவனியுங்கள். பாரம் எத்தனை கிலோவாக இருந்தாலும் சமநிலை குலையாதவரை நடை குலையாது. ஒரு பக்கம் நழுவினால் ஆளே சாய்ந்துவிடுவார். 2013 ஏப்ரல் 29இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராம் விமானத் தளத்தில் நடந்தது அதுதான். ஐந்து இராணுவ வாகனங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 747 சரக்கு விமானத்தில், சரியாகக் கட்டப்படாத வாகனம் ஒன்று பின்னால் நகர்ந்து வால்பகுதிக் கருவிகளைச் சேதப்படுத்தியது. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

நூறு டன் காணாமல் போனது எப்படி?

2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரம். எம்.கே. ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் அமெரிக்காவின் பிராட்லி நிலையத்திலிருந்து புல்வெட்டும் இயந்திரங்களோடு வந்து, இங்கே சிங்கி இறாலையும் மீனையும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பியது. உண்மையான எடை சுமார் 350 டன். கணினியில் இருந்ததோ சுமார் 240 டன். அது முந்தைய பயணத்தில், பிராட்லியிலிருந்து புறப்பட்டபோது இருந்த எடை. அந்தப் பழைய எண்ணே மறுபடியும் பயன்பட்டிருக்கிறது என்பது விசாரணையாளர்கள் வந்த முடிவு.

கணினி தன் வேலையைச் சரியாகவே செய்தது. 240 டன்னுக்கு இவ்வளவு விசை போதும், இந்த வேகத்தில் மூக்கைத் தூக்கலாம் என்றது. விமானிகள் தூக்கினார்கள். விமானம் எழும்பவில்லை. வால் ஓடுபாதையில் உரசியது. ஓடுபாதையைத் தாண்டிய பிறகே சக்கரங்கள் தரையை விட்டன. அதற்கப்பால் இருந்த மண்மேட்டில் வால் மோதி முறிந்தது. ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவர்கள் அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு 24 மணி நேரத்தையும் தாண்டும் பணி திட்டமிடப்பட்டிருந்தது. விபத்து நடந்தபோது ஏறக்குறைய 19 மணி நேரம் பணியில் கழிந்திருந்தது. களைத்துப்போன கண்ணுக்குப் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

களைப்பு அப்படியொன்றும் இல்லாத இடத்தில் இது நடக்காது என்று நினைத்தால் அதுவும் தவறு. 2003 மார்ச் 12இல் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 பயணிகள் விமானம், உண்மையான எடையைவிட நூறு டன் குறைவான எடைக்குப் போட்ட கணக்கோடு புறப்பட்டது. வால் ஓடுபாதையில் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் உரசிக்கொண்டே போனது. 2009 மார்ச் 20இல் மெல்பர்னில் எமிரேட்ஸ் ஏர்பஸ் ஒன்றில் 362.9 என்று தட்ட வேண்டிய இடத்தில் 262.9 என்று விழுந்தது. மூன்றுக்குப் பதில் இரண்டு. ஒரே ஒரு விரல், ஒரே ஒரு இலக்கம். 257 பயணிகளும் 18 பணியாளர்களும் இருந்த அந்த விமானம் ஓடுபாதை முடிந்த பிறகே தட்டுத்தடுமாறி எழும்பியது. கடைசி நொடியில் தலைமை விமானி முழு விசை கொடுத்தது காப்பாற்றியது. இரண்டு விமானங்களும் திரும்பிவந்து பத்திரமாகத் தரையிறங்கின. உலகத் தரத்துக்குப் பெயர்போன நிறுவனங்கள், நன்கு பயிற்சி பெற்ற விமானிகள். அப்படியும் நடந்தது.

உடம்புக்குத் தெரியாதா?

இங்கே ஒரு கேள்வி எழும். நூறு டன் வித்தியாசம் என்றால் ஓடும்போதே 'ஏதோ சரியில்லை' என்று விமானிக்கு உறைக்காதா? ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர் ஆயிற்றே?

உறைப்பதில்லை என்பதுதான் வேதனை. இன்றைக்கு லேசான விமானத்தைக் குறைந்த விசையில் ஓட்டுகிறார், நாளைக்குக் கனமானதைக் கூடுதல் விசையில் ஓட்டுகிறார். 'வழக்கமான ஓட்டம்' என்று உடம்பு நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதிலும் இரவு என்றால், ஓடுபாதையின் முடிவு எவ்வளவு தூரம் என்று கண்ணுக்கும் தெளிவாகத் தெரியாது.

நம்மவர்கள் அடிக்கடி போய்வரும் திருச்சியில் நடந்ததே இதற்குச் சாட்சி. அது சரக்கு விமானமும் இல்லை, எடைத் தவறும் இல்லை. 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். திருச்சி ஓடுபாதை 2,480 மீட்டர். பினாங்கைவிட ஏறக்குறைய 900 மீட்டர் குறைவு. ஓட்டத்தின் நடுவில் தலைமை விமானியின் இருக்கைச் சாய்வு பின்னால் போக, இயந்திர விசை தவறுதலாகக் குறைந்துவிட்டது. அளவுமானியில் விசை இறங்கியதை இருவருமே கவனிக்கவில்லை என்றது விசாரணை. விமானம் தாமதமாக எழும்பி, நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு பறந்தது. சுவர் உடைந்துகிடப்பதைத் தரையில் இருந்தவர்கள் சொன்ன பிறகே மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சுமார் நான்கு மணி நேரம் கழித்து மும்பையில் இறக்கினார்கள். ஒருவருக்கும் ஆபத்தில்லை. அன்றைக்கு அந்தச் சுவர் இன்னும் இரண்டடி உயரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது.

ஓடும்போதே வேகம் ஏறும் விதத்தைக் கண்காணித்து, 'கணக்குப்படி ஓடவில்லை' என்று எச்சரிக்கும் கருவி வேண்டும் என்று ஹாலிஃபாக்ஸ் விபத்துக்குப் பிறகு கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. அது போன்ற வசதி சில ஏர்பஸ் விமானங்களில் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இன்னும் இல்லை. அதுவரைக்கும் காவல், மனிதக் கண்தான்.

ரெண்டு கிலோதானேம்மா!

இதெல்லாம் விமானிகள் பாடு, நமக்கென்ன என்று நினைக்கலாம். பினாங்கிலிருந்து சென்னைக்கு இப்போது நேரடி விமானம் வந்துவிட்டது. பதிவு முகப்புக்குப் போய் நின்று பாருங்கள். பெட்டியைத் தராசில் வைத்த அடுத்த நொடி ஆரம்பிக்கும். "ரெண்டு கிலோதானேம்மா கூட இருக்கு. கல்யாணத்துக்குப் போறோம், கொஞ்சம் பார்த்து விடுங்களேன்." முகப்பில் இருக்கும் பெண் சிரித்துக்கொண்டே, "எடுத்திடுங்க ஆண்டி" என்பார். ஆண்டிக்குக் கோபம் வரும். பெட்டியைத் திறந்து மைலோ பொட்டலத்தை எடுத்து மாமாவின் கைப்பையில் திணிப்பார். எடை விமானத்தை விட்டுப் போகவில்லை. தராசை விட்டுத்தான் போயிருக்கிறது.

180 பேர் தலைக்கு இரண்டு கிலோ மறைத்தால் 360 கிலோ. ஒரு பயணிகள் விமானத்தைக் கவிழ்க்கும் அளவு அது இல்லை. பாதுகாப்புக்கு இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த இடம் நமக்காக விட்டது. இயந்திரம் ஒன்று நின்றுபோகும் நாளுக்காக, காற்று திசைமாறும் நாளுக்காக. அதைத் தின்றுவிடுவது நம் சொந்தச் சேமிப்பில் நாமே கைவைப்பதுபோல.

மைலோ பொட்டலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இதை வாசிக்கும் இளையவர்களில் பலர் எண்களோடு வேலை செய்கிறவர்கள். தர அறிக்கையில் கையெழுத்திடும் பொறியியலாளர், மருந்தின் அளவை எழுதும் தாதி, கிடங்கில் எடையைப் பதியும் தம்பி, கணக்காய்வு செய்யும் தங்கை. 'முந்தையதையே நகலெடுத்து ஒட்டிவிடு, பெரிதாக மாறியிருக்காது' என்று இரவு இரண்டு மணிக்கு ஒரு குரல் எல்லாருக்கும் கேட்கும். 'எனக்குப் பின்னால் இன்னொருவர் பார்ப்பார்' என்று இன்னொரு குரலும் கேட்கும். ஹாலிஃபாக்ஸிலும் மெல்பர்னிலும் பார்ப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னவரை நம்பினார்கள்.

இதற்கு விமானத் துறை கண்ட வழி எளிமையானது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகக் கணக்குப் போடுவது. பிறகு விடையை ஒப்பிடுவது. அதோடு, 'இந்த விமானம், இந்தச் சுமை, இந்தத் தூரம் என்றால் தோராயமாக இவ்வளவு வர வேண்டும்' என்று மனசில் ஓர் அளவு வைத்துக்கொள்வது. விடை அதைவிட்டு எங்கோ விலகி நின்றால், நின்று யோசிப்பது. செலவில்லாத வழி. எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு கணவனும் மனைவியும் செய்து பார்த்தாலும் நல்லதுதான்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணியின் கடைசி மணியில் ஒருவரைத் தராசின் முன் நிறுத்திவிட்டு, தவறு நடந்தால் அவர் பெயரை மட்டும் எழுதி முடிக்காதீர்கள். 19 மணி நேரம் பணியில் இருந்த விமானிகளின் தவறில், அந்த அட்டவணையைப் போட்டவருக்கும் பங்கு இருந்தது.

இன்றிரவும் பாயான் லெப்பாஸ் கிடங்குகளில் யாரோ ஒருவர் ஒரு பலகையைத் தராசில் ஏற்றி, திரையில் தெரியும் இலக்கத்தைத் தாளில் எழுதுவார். அவர் முகத்தை விமானி பார்க்கப் போவதில்லை. பெயரும் தெரியாது. ஆனால் விசைக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கும் அந்த நொடியில், அவர் எழுதிய எண்ணின் மேல்தான் விமானி தன் உயிரை வைக்கிறார். சரியாக எழுதிவைத்த அந்த முகம் தெரியாத கைகளுக்கு நம் நன்றி.

அடுத்த வாரம் சந்திப்போம்.